அங்கே என்ன ஓடுகிறது என்று கேட்டவர்

கடைக்குப் போகும்போது அவர் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார். குழாயில் வாஷர் போனால் அந்தத் தேய்ந்த வாஷர். கதவில் கீல் உடைந்தால் அந்த உடைந்த கீல். மிக்சிக்குக் கார்பன் தீர்ந்தால் மிச்சமிருக்கும் குட்டைத் துண்டு. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் இருக்கும், டப்பா கைப்பைக்குள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு ஹார்ட்வேர் கடை இருந்தது. அவரைக் கண்டதும் கடைக்காரர், "வாங்க மேடம், இன்னிக்கு எது செத்துப்போச்சு?" என்பார்.

அவர் டப்பாவைத் திறந்து காட்டுவார்.

"அரை இஞ்ச்னு வாயில சொன்னா குடுக்கப்போறேன். எதுக்கு இதத் தூக்கிகினு வர்றீங்க?"

"அரை இஞ்ச்ல நீங்க மூணு தினுசு வச்சிருக்கீங்கண்ணா. எங்க வீட்டுக் குழாய்க்கு ஒண்ணுதான் சேரும்."

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.

அரசு ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, தாம்பரத்தில் ஒரு சிறு நிறுவனத்தில் மென்பொருள் பிரிவுக்குத் தலைவனாகச் சேர்ந்தேன். என் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் உண்டு. அவர் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். கணவருக்குப் பல்லாவரத்தில் தோல் பைகள் விற்கும் கடை. நான் சேர்வதற்கு நான்கு வருடம் முன்பிருந்தே அவர் அங்கே இருந்தார்.

நாங்கள் செய்தது ஒரு பெட்டி. இரத்த வங்கிகளில் இரத்தப் பைகளை வைத்திருக்கும் குளிர்பெட்டி இருக்கிறதல்லவா, அதன் பக்கவாட்டில் எங்கள் பெட்டியைப் பொருத்துவோம். உள்ளே எத்தனை டிகிரி என்று ஒரு சிறு திரையில் காட்டும். ஆறு டிகிரிக்கு மேல் ஏறினால் கத்தும். தினமும் காலையில் தொலைபேசி வழியாக எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தகவல் அனுப்பும். சென்னையைச் சுற்றிலும் மேற்கே வேலூர் வரையிலும் எங்கள் பெட்டிகள் இருந்தன. பெட்டி கத்தினால் ஓடிவந்து பார்ப்பார்கள். கத்தாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் விற்றோம்.

யார் எந்தச் சிக்கலைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அங்க என்ன ஓடுது?" செங்கல்பட்டில் ஒரு பெட்டி தகவல் அனுப்பவில்லை என்று சர்வீஸ் ஆள் சொன்னால், தொலைபேசிக் கம்பியா, மோடமா, நிரலா என்று நாங்கள் வாதம் செய்துகொண்டிருப்போம். அவர் அதில் சேரமாட்டார். செங்கல்பட்டுக்குப் போன் போட்டு, அங்கிருக்கும் டெக்னீஷியனிடம் பெட்டியின் பொத்தானை இரண்டு முறை அழுத்தச் சொல்லி, திரையில் வரும் இரண்டாவது வரியை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்வார். அதில் பதிப்பு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் பேசுவார்.

இந்தப் பழக்கம் எனக்கு எரிச்சல் மூட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கரணைச் சாலையில் தண்ணீர் நிற்கிறதாம், இன்றைக்கு வேன் போகாது என்று ஒரு மழைநாளில் யாரோ சொல்ல, அவர் அந்தச் சாலையில் இருக்கும் பெட்டிக்கடைக்குப் போன் செய்தார். கடைக்காரரின் எண்ணை எப்போதோ வாங்கி வைத்திருக்கிறார். தண்ணீர் கணுக்கால் வரைதான், ஆட்டோ போகிறது என்று அங்கிருந்து தகவல் வந்தது. நான் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தேன்.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் செய்யணும்னா வேலை எப்பம்மா நடக்கும்?" என்றேன்.

"பாக்கறதும் வேலைதானே சார்" என்றார். எதிர்த்துப் பேசும் தொனி அதில் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரம்ஜானுக்கு எங்கள் எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் சைவம் என்பது அவருக்குத் தெரியும். அதோடு நிற்காமல், ஒரு வாரம் முன்பே என் மனைவிக்குப் போன் செய்து, சார் எதையெல்லாம் தொடமாட்டார் என்று கேட்டிருக்கிறார். கத்தரிக்காய் என்றால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது. அன்று எல்லோருடைய இலையிலும் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் இருந்தது. எனக்கு மட்டும் வெள்ளரிக்காய்ப் பச்சடி. பரிமாறியது அவருடைய அம்மா. கண்ணில் புரை விழுந்திருந்ததால் கிண்ணத்தைத் தடவித் தடவித்தான் வைத்தார்.

இனி கெர்னல் விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டிக்குள் ஒரு சிறு கணினி இருந்தது, அதில் லினக்ஸ். அந்தக் கணினிக்கான நிரல்களை அதிலேயே உட்கார்ந்து எழுத முடியாது. அலுவலகத்தில் பெரிய கணினியில் எழுதி, சிறு கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றித் தரும் கம்பைலரையும் அதற்குத் துணையான நிரல் தொகுப்புகளையும் மொத்தமாக டூல்செயின் என்போம். அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டும்போது முதலில் முடிவுசெய்ய வேண்டியவற்றில் ஒன்று, எந்தக் கெர்னலின் மூலநிரலை எடுத்துக்கொள்வது என்பது. கெர்னல் என்பது கணினியின் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்துகிற பகுதி. ஒரு நிரல் கோப்பைத் திறக்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும் என்றால் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். என்னென்ன கேட்கலாம் என்ற பட்டியல் கெர்னலின் மூலநிரலில் இருக்கிறது. பழைய கெர்னலின் பட்டியலை வைத்துக் கட்டினால், அதிலிருந்து வரும் நிரல் புதிய கெர்னலிலும் ஓடும். புதிய பட்டியலை வைத்துக் கட்டினால், பழைய கெர்னல் இருக்கும் இடத்தில் நிரல் தொடங்கும்போதே நின்றுவிடலாம். இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள டாக்டர் பட்டம் தேவையில்லை. எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

எங்கள் டூல்செயினைக் கட்டியது அவர். கட்டுவதற்கு முன் ஒரு மாதம் எல்லா ஊருக்கும் போன் செய்து, பெட்டிக்கு ஒரு பக்கம் என்று ஒரு நீளமான பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். புதிய பெட்டிகளில் 2.6 என்ற கெர்னல் இருந்தது. முதலில் விற்ற பதினொரு பெட்டிகளில் பழைய 2.4. அதுவும் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் 2.4 அல்ல, அந்தக் கணினிப் பலகையை விற்றவர்கள் தங்கள் பலகைக்கு ஏற்றபடி மாற்றிவைத்தது. அவர்களுக்கு எழுதி எழுதி, மூன்று வாரம் கழித்து அதே மூலநிரலை வரவழைத்து, அதை வைத்துத்தான் கட்டினார். பொதுவில் கிடைப்பதை வைத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டதற்கு, "அது எந்தப் பெட்டிலயும் ஓடலயே சார்" என்றார். எதை வைத்துக் கட்டுவது என்று எழுதியிருக்கும் அமைப்புக் கோப்பில், கெர்னலைக் குறிப்பிடும் வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்: இதை மாற்றுவதற்கு முன் என்னைக் கேட்கவும்.

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக அவர் ஒரு வியாழக்கிழமையிலிருந்து விடுப்பு எடுத்தார். அன்று எங்கள் பெட்டியை மொத்தமாக வாங்க யோசித்துக்கொண்டிருந்த ஒரு தரப்பிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். என்னைவிட முப்பது வயது இளையவர். பெட்டியின் தொழில்நுட்ப விவரங்கள் இருந்த ஆவணத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இன்னும் 2.4-லதான் இருக்கீங்களா டாக்டர்?" என்றார். சிரித்தார். பெரிய சிரிப்புகூட இல்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, அமைப்புக் கோப்பைத் திறந்து, கெர்னல் வரியில் புதிதாக வந்திருந்த 2.6-ஐப் போட்டேன். மேலே இருந்த குறிப்பைப் படித்தேன். அவருடைய எண் என்னிடம் இருந்தது. மருத்துவமனையில் இருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. போன் செய்தால் அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

டூல்செயினைக் கட்டி, நிரல்களைப் புதிதாக உருவாக்கி, மேசைமேல் இருந்த பெட்டியில் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. மேசைமேல் இருந்தது புதிய பெட்டி. மாலை நான்கு மணிக்குத் தொலைபேசி வழியாக எல்லா ஊர்களுக்கும் அனுப்பிவைத்தேன். ஆவணத்தில் அந்தப் பக்கத்தையும் திருத்தி, ஆலோசகருக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை வண்டலூரைத் தாண்டி இருந்த ஒரு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை எப்போதோ குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் நின்றிருக்கிறது. எங்கள் பெட்டி கத்தவில்லை. சனி, ஞாயிறு அலுவலகம் இல்லாததால், காலைத் தகவல் வராததையும் யாரும் கவனிக்கவில்லை. உள்ளே இருந்த இரத்தம் முழுவதும் வீண். அன்று இரத்தம் ஏற்றிக்கொள்ள வந்திருந்த ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அன்றுதான் அவர் விடுப்பு முடிந்து வந்திருந்தார். இரண்டு பேரும் வேனில் போனோம்.

இரத்த வங்கியில் வேலை செய்யும் அட்டெண்டர் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பாக்காம இல்ல மேடம். மூணு வேளையும் பாத்துகினுதான் இருந்தேன். நாலுன்னு காட்டிகினே கீது. நாலுன்னா நல்லதுதானே?"

"எத்தன நாளா நாலு?"

"வெள்ளிக்கிழமைலேந்து நாலுதான். நாலு புள்ளி ரெண்டு."

"மாறவே இல்லையா?"

அவர் யோசித்தார். "இல்ல மேடம். இப்பயும் அதான் கீது, பாருங்க."

அப்படித்தான் இருந்தது. குளிர்பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே இருபத்தெட்டு டிகிரி வெக்கை. எங்கள் திரையில் 4.2. அந்தச் சிறு திரைக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் இருக்கும்வரை, கடைசியாக எழுதப்பட்டதை அது அழிக்காமல் காட்டிக்கொண்டே இருக்கும். எழுதும் நிரல் செத்தது அதற்குத் தெரியாது. அவர் மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து நிரலைக் கையால் ஓட்டிப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. கெர்னல் மிகவும் பழையது என்பது அதன் பொருள். அதை எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அட்டெண்டரின் தோளைத் தொடாத குறையாக அருகே போய், "உங்க மேல தப்பில்லண்ணா. எங்க பொட்டிதான்" என்றார். மருத்துவ அதிகாரியிடமும் அதையே சொல்லி, எழுதியும் கொடுத்தார். பழைய நிரலைத் திரும்பப் போட்டார்.

திரும்பும்போது பெருங்களத்தூர் சிக்னலில் வேன் நின்றது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், நான் லீவுல இருந்தப்ப கெர்னல் சோர்ஸ யாராவது மாத்தினாங்களா?"

"இல்லையேம்மா" என்றேன்.

"சரி சார்."

அலுவலகத்துக்கு வந்ததும் அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனுக்குப் போனார். மற்ற பத்துப் பழைய பெட்டிகளும் அதே நிலையில் இருந்தன; ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு. ஒவ்வோர் இடத்திலும் உடனே ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, மணிக்கொரு தடவை பார்க்கச் சொன்னார். எல்லா இடத்திலும் யாரிடம் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பத்துப் பேரிடம் பேசி முடிப்பதற்குள் நான் அமைப்புக் கோப்பைத் திறந்து, 2.6-ஐ அழித்து, அவர் எழுதியிருந்தபடியே திரும்ப எழுதி, டூல்செயினை மீண்டும் கட்டத் தொடங்கினேன். பிழையைத் திருத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். கணினியில் நாங்கள் எல்லோரும் ஒரே பயனர் பெயரில்தான் நுழைந்து வேலை செய்தோம். யார் மாற்றியது என்று கோப்பு சொல்லாது. எந்த நாளில் மாற்றியது என்று மட்டும் சொல்லியிருக்கும். அதைத்தான் நான் அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். அறையில் ஏழு பேர். நிறுவனத்தின் முதலாளி, ஹார்ட்வேர் பிரிவின் தலைவர், சர்வீஸ் ஆள், இளம் பொறியாளர்கள் இருவர், அவர், நான்.

"டூல்செயின் யார் பொறுப்பு?" என்று முதலாளி கேட்டார்.

"அவங்கதான்" என்றேன்.

அவர் சொன்னார்: "வியாழன்லேந்து நான் லீவு சார். அனுப்பினது வெள்ளிக்கிழமை."

முதலாளி என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நான் வேறொரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"அனுப்பினது நான்தான். டூல்செயின் அவங்க லீவுக்கு முன்னாடியே கட்டி வச்சதா இருக்கும்."

பிறகு ஹார்ட்வேர் தலைவர், "ஊரு ஊரா போன் பண்ணி நோட்டு எழுதினீங்களே மேடம், அந்த நோட்டு என்னாச்சு?" என்றார். சர்வீஸ் ஆள் சிரித்தார். இளைஞர்கள் இருவரும் மேசையைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்ததாக நினைவில்லை. தெரியாத ஊரில் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோலப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் அவரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். செய்தார். நோட்டை வரவேற்பறையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அந்த வருடம் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். பதினொரு பழைய பெட்டிகளும் அவர் கட்டியிருந்த முறையிலேயே ஓடின. நான் அதை மறுபடி தொடவில்லை.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எந்த அலுவலகத்தில் விசாரித்தாலும், இரத்த வங்கிப் பெட்டியில் தப்புச் செய்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடம் வேலை கிடைக்காமல், வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று பின்னால் தெரிந்தது. பிறகு பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

நான் வேலையை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் போனேன். அதே வீடு. அவருடைய கணவர்தான் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. ஆனாலும் உள்ளே வாங்க என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கணவர் உள்ளே போய்ச் சொல்ல, அவர் டீ கொண்டுவந்து வைத்து எதிரில் உட்கார்ந்தார். கெர்னலை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். குறிப்பைப் படித்துவிட்டுத்தான் மாற்றினேன் என்பதையும் கோப்பைத் திரும்ப மாற்றியதையும் சொன்னேன்.

"தெரியும் சார்."

"எப்போதிருந்து?"

"வேன்லயே. நீங்க மாத்தியிருக்கலன்னா, எதுக்கும்மா கேக்கறே, அங்க என்ன வந்துச்சுன்னு கேட்டிருப்பீங்க. கேக்கல. இல்லன்னு டக்குனு சொல்லிட்டீங்க."

"அன்றைக்குக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே சார். லீவுல இருந்தேன்னு சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றது? நீங்க டாக்டர். நான் டிப்ளமா."

மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"எங்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்குத் தெரிஞ்சதத்தான் சொல்றீங்க சார். அந்த ரூம்ல இருந்த மத்தவங்களுக்குத்தான் தெரியாது."

டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். அவர் கேட் வரை வந்தார்.

அந்த அறையில் இருந்த மற்றவர்கள் ஐந்து பேர். முதலாளி அதற்குள் இறந்துவிட்டார். அவருடைய மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. ஆனால் முழுவதும் கேட்டார். ஹார்ட்வேர் தலைவர் மகனோடு பெங்களூரில் இருந்தார். போனில், "விடுங்க சார், அதெல்லாம் இப்ப யார் ஞாபகம் வச்சிருக்கா?" என்றார். நீங்கள் அன்று நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள் என்றேன். "நானா கேட்டேன்?" என்றார். சர்வீஸ் ஆள் குரோம்பேட்டையில் இன்வெர்ட்டர் கடை வைத்திருந்தார். அவருக்குத்தான் கோபம் வந்தது. கடையில் ஆட்கள் இருக்கும்போதே, "அந்தம்மாவ எத்தினி பேர்கிட்ட கிண்டல் பண்ணிகினு திரிஞ்சேன் தெரியுமா சார்? உங்க பொய்ய நான் ஊரெல்லாம் வித்துகினு இருந்திருக்கேன். போங்க சார், மொதல்ல எட்த்த காலி பண்ணுங்க" என்றார். காலி செய்தேன். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

மீதி இருப்பவர்கள் அந்த இளம் பொறியாளர்கள் இருவர். ஒருவர் கனடா போனதாகவும் இன்னொருவர் வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகவும் சொல்கிறார்கள். இரண்டு பேருடைய முகவரியும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் தமிழ் படிப்பவர்கள். மதிய உணவு நேரத்தில் வாரப் பத்திரிகையை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பொய். அவர் சரியான கெர்னலைத்தான் வைத்திருந்தார். அதை மாற்றியது நான்.